இடது பக்க ஸ்பீக்கர்

ரூவி, மஸ்கட்
5.9.2003

ஹேமா,

போனில் நீ "ம்" என்கிறாய். நான் "அப்புறம்?" என்கிறேன். நீ மறுபடியும் "ம்" என்கிறாய். கார்டில் உள்ள நிமிஷம் தீர்ந்துபோகிறது. போன் இருப்பது கீழ்வீட்டில், அக்காவும் மாமாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அரியாங்குப்பம் இராமதாஸ் பன்னிரண்டாம் தேதி லீவில் வருகிறார். இங்கே அறையில் என் கட்டிலுக்கு மேல்கட்டில் அவருடையது. அவரிடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொடுத்தனுப்புகிறேன். ஹோம் தியேட்டர். உள்ளே ஒரு டி.வி.டி. பிளேயர், ஐந்து சின்ன ஸ்பீக்கர், வூஃபர் என்று ஒரு கனமான பெட்டி எல்லாம் இருக்கும். டிஸ்க் ஆறு வைத்திருக்கிறேன். நான்கு சிந்துவுக்கு. காடு, கடல், மிருகங்கள். பாஷை புரியாவிட்டாலும் சத்தம் புரியும்.

கடையில் என்னை டெமோ ரூமில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன் இல்லையா? கண்ணாடிக் கதவு, நடுவில் ஒரு சோபா. வருகிறவரை அதில் உட்காரவைத்துக் காட்டுப் படத்தைப் போடுவேன். முதலில் ஒரு பறவை இடது பக்கம் கத்தும். பிறகு வலது பக்கம் இன்னொன்று பதில் கொடுக்கும். அதன்பின் மழை. மழை மட்டும் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். எல்லாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இதுவரை திரும்பாத ஆளே கிடையாது. திரும்பிவிட்டால் வாங்கிவிடுவார்கள்.

மாட்டுவது சுலபம். டி.வி.க்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. டி.வி. தலைமேல் ஒன்று. நீங்கள் உட்காரும் பாய்க்குப் பின்னால் சுவரில் இரண்டு. ஒயரில் சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. பிளேயரின் முதுகில் எது எதற்கு என்று பேனாவால் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சிந்து என்னைக் கேட்கிறாளா? அவளிடம் போனைக் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறாய். சாயங்காலம் ஆறு மணிக்குமா? நான் செய்தது தப்பு. ஏர்போர்ட்டிலேயே சொன்னேன். இன்னும் எத்தனை முறை சொல்லவேண்டும் என்று எழுது, சொல்கிறேன்.

ராஜவேல்

*

ரெட்டியார்பாளையம்
28.9.2003

சிந்துவின் அப்பாவுக்கு,

பெட்டி வந்தது. இராமதாஸ் அண்ணன் மாடிவரை தூக்கி வந்து வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நான் பிரிக்கவில்லை. பத்து நாள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. சிந்து தினம் அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். போன ஞாயிற்றுக்கிழமை, "பிரிக்கலைன்னா அப்பாகிட்டயே திருப்பிக் குடுத்துடும்மா" என்றாள். பிரித்தேன்.

நீங்கள் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து நானே மாட்டினேன். படம் வருகிறது. சத்தமும் வருகிறது. உங்கள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி தியேட்டரையே அனுப்பிட்டான்" என்று கீழே போய் எல்லாரிடமும் சொன்னார்கள்.

எத்தனை முறை சொல்லவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூன் எட்டாம் தேதி, நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். டேப்பை எடுத்து வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டீர்கள். அவள் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டீர்கள். பிறகு எழுந்து போய் அவள் முன்னால் நின்று அறைந்தீர்கள். ஏழு வயசுக் கன்னம். விரல் தடம் இரண்டு நாள் இருந்தது. ஏர்போர்ட்டில் தப்பு என்று சொன்னது என்னிடம். அவளிடம் சொல்லவில்லை. நான் இதைச் சொல்லிக்காட்ட வேண்டுமென்று இல்லை. நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

மெடிக்கல் ஷாப் வேலை அப்படியே போகிறது. காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரைதான்.

ஒரு விஷயம். இடது பக்க ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று சிந்து சொல்கிறாள்.

ஹேமலதா

*

ரூவி
11.10.2003

ஹேமா,

வேலை செய்யாமல் இருக்காது. பெட்டியை மூடுவதற்குமுன் கடையிலேயே ஐந்தையும் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். ஒயரின் முனையில் பிளாஸ்டிக் சீவியது போதாமல் இருக்கும். இன்னும் கொஞ்சம் சீவி, கம்பியை முறுக்கிச் செருகிப் பார். அப்படியும் வராவிட்டால் இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலதில் மாட்டு. வலதை இடதில் மாட்டு. ஸ்பீக்கரில் கோளாறு என்றால் கோளாறும் வலது பக்கம் போய்விடும். போகாவிட்டால் பிளேயரில் கோளாறு. நாங்கள் இங்கே அப்படித்தான் கண்டுபிடிப்போம்.

ரிமோட்டில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஸ்ஸ் என்று ஒரு சத்தம் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். சிந்துவை நடுவில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல். எங்கிருந்து சத்தம் வருகிறதோ அங்கே விரலை நீட்டவேண்டும். இங்கே வரும் குழந்தைகளோடு நான் ஆடும் விளையாட்டு அது.

ஜூன் எட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒயரைப் பற்றித்தான் வருகிறது.

ராஜவேல்

*

ரெட்டியார்பாளையம்
2.11.2003

சிந்துவின் அப்பாவுக்கு,

ஸ்பீக்கரில் கோளாறு இல்லை.

நீங்கள் சொன்னபடி ஒயரைச் சீவினேன். "இன்னும் வரலைம்மா" என்றாள். இடதைக் கழற்றி வலதிலும், வலதை இடதிலும் மாட்டினேன். "இடது பக்கம்தான் வரலை" என்றாள். நான் இடது ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். வந்தது. குழந்தை விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் டெஸ்ட் பட்டன். அவள் நடுவில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குக்கரில் ஆவி போகிற மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் வந்தது, அவள் வலது பக்கம் விரலை நீட்டினாள். நேரே வந்தது, வலது பக்கம் நீட்டினாள். பின்னால் வந்தது, வலது பக்கம். மூன்று சுற்று விட்டேன். எல்லாம் வலது பக்கம்தான். "எல்லாம் கரெக்டாம்மா?" என்று கேட்டாள்.

அவள் வலது காதை என் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினேன். ஸ்பீக்கரை எடுத்து இடது காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஸ்பீக்கரைப் பிடித்திருந்த கையில் அதன் அதிர்வு தெரிந்தது. அவள் கண்ணைத் திறந்து, "ஏம்மா நிறுத்திட்ட?" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. லீவு சொல்லிவிட்டுக் கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த கூட்டம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணாடி அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்துக் காதில் பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்கவேண்டும். வலது காதுக்கு டக் டக்கென்று தூக்கினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று வாயசைத்தாள். அப்போது இடது காதுக்குச் சத்தம் போய்க்கொண்டுதான் இருந்தது.

லேடி டாக்டர். சின்ன வயசுதான். இடது காது நரம்பு முழுக்கப் போய்விட்டது, மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது, வலது காது நன்றாக இருக்கிறது என்றார். "காதுல அடி ஏதாவது பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். "ஜூன் மாசம் அவங்க அப்பா அறைஞ்சாரு" என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டார்.

இவ்வளவுதான்.

ஹேமலதா

*

ரூவி
16.11.2003

ஹேமா,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. போன் பண்ணவில்லை. கீழ்வீட்டில் அத்தனை பேர் நடுவில் நீ "ம்" என்று சொன்னால் அதை என்னால் கேட்க முடியாது.

வலது கையால் அடித்தேன். அவள் எதிரே நின்று அடித்தேன். அவளுக்கு அது இடது பக்கம். எல்லாம் ஒத்துப்போகிறது.

நேற்று ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. புருஷன், பெண்டாட்டி, ஐந்து வயதில் ஒரு பெண். சோபாவில் உட்காரவைத்து மழையைப் போட்டேன். பெண் திரும்பிப் பார்த்தது. அதன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மத்தியானம் சோறு தின்றேன். மீன் குழம்பு. நன்றாகவே இருந்தது. அறையில் எல்லாரும் டி.வி. பார்த்தார்கள், நானும் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

மே மாத லீவு வேண்டாமென்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் முன்னால் வந்து நிற்க என்னால் ஆகாது. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்லத்தான் வேண்டுமென்றால் சொல். நீ எது செய்தாலும் சரி.

ராஜவேல்

*

ரெட்டியார்பாளையம்
10.12.2003

சிந்துவின் அப்பாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் சிஸ்டரைப் பார்த்துச் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். இடம் மாற்றிவிட்டார்கள். முதல் பெஞ்ச், இடது ஓரம், சுவரை ஒட்டி. கேட்காத காது சுவர் பக்கம். "நல்லா படிக்கிற பொண்ணு, ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் சிஸ்டர். அவளுக்கே தெரியாது என்றேன்.

நிஜமாகவே தெரியாது. உட்காரவைத்துச் சொன்னேன். "எல்லாருக்கும் ரெண்டு காதும் கேக்குமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒண்ணு கேக்கறதுக்கு, ஒண்ணு ஜோடியா கம்மல் போட்டுக்கறதுக்குன்னு நெனச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உங்கள் அக்கா இப்போது ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்கிறார்கள். போனைக் கொடுத்தால் எப்போதும் கை மாற்றி வலது காதில் வைத்துக்கொள்வாளாம். தெருவில் கூப்பிட்டால் ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவாளாம். எல்லாருக்கும் இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது.

தினம் சாயங்காலம் அந்தக் காட்டு டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கிறாள். டி.வி.க்கு இடது ஓரமாக, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்காருகிறாள். வீட்டில் சத்தமாகவே இருக்கிறது. அதில் மழை பெய்யும்போது நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போகிறேன். நிஜ மழை இல்லை என்று கடைசிப் படியில்தான் ஞாபகம் வருகிறது.

லீவை வேண்டாமென்றது உங்கள் இஷ்டம். நான் வரச்சொல்லியும் எழுதவில்லை, வரவேண்டாமென்றும் எழுதவில்லை.

இன்னொன்று எழுத நினைத்தேன். அப்புறம் எழுதுகிறேன்.

ஹேமலதா

*

ரூவி
4.1.2004

ஹேமா,

டெமோ ரூமிலிருந்து என்னை மாற்றச் சொல்லிக் கேட்டேன். இப்போது கிடங்கில் இருக்கிறேன். பெட்டி ஏற்றுவது, இறக்குவது, நம்பர் சரிபார்ப்பது. பேசவேண்டிய வேலை இல்லை. சோபா இல்லை.

ஒரு வேலை செய்தேன். இடது காதில் பஞ்சை வைத்து அடைத்து, அதன்மேல் மெழுகு உருக்கி ஒட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை. முழுக்க அடைபடவில்லை, இருந்தாலும் ஏறக்குறைய. பேச்சு கேட்கிறது, பாட்டு கேட்கிறது, ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்தேன். ரூவி தெருவில் ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் கேட்டது. வலது பக்கம் என்று நினைத்து இடது பக்கம் ஒதுங்கினேன். கார் இடது பக்கம்தான் வந்தது. ஒரு முழம் தள்ளி நிறுத்தினான். இறங்கி வந்து அரபியில் திட்டினான். நான் தலையை ஆட்டினேன்.

அதனால் எழுதுகிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு ஒருநாளும் தெரியாது. காரைக் கேட்பாள், எந்தப் பக்கம் என்று தெரியாது. விழுப்புரம் ரோட்டை அவள் காதை நம்பிக் கடக்கக்கூடாது. கண்ணை நம்பவேண்டும். நின்று, இரண்டு பக்கமும் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் பார்த்துத்தான் காலை வைக்கவேண்டும். ஹாரன் கேட்டால் ஓடக்கூடாது, நிற்கவேண்டும். ஓடினால் வண்டி வரும் பக்கமே ஓடிவிடுவாள். இதைத் தினம் சொல். நீ நடக்கும்போது அவளுக்கு இடது பக்கம் நட. வண்டி அந்தப் பக்கம் வந்தால் நீ இருப்பாய். பேசவேண்டுமென்றால் முன்னால் வந்து பேசு. கூட்டத்தில் கூப்பிடாதே, தோளைத் தொடு. சைக்கிள் கேட்டால் இப்போது வேண்டாம்.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை. பஞ்சை எடுத்த பிறகும் இரண்டு நாள் காது அடைத்தே இருந்தது. அது நன்றாக இருந்தது.

ராஜவேல்

*

ரெட்டியார்பாளையம்
1.2.2004

உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சிந்துவுக்கு இடது பக்கம்தான் நடக்கிறேன். மூலக்குளம் பக்கத்தில் ரோட்டைக் கடக்க மூன்று நாள் பழக்கினேன். நான்காவது நாள் அவளை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். நின்றாள், தலையைத் திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஓடவில்லை, நின்றாள். அது போனபின் கடந்து வந்து, "அப்பா சொன்ன மாதிரியே செஞ்சேன்" என்றாள்.

அதற்குமேல் என்னால் இதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. நவம்பரில் "இவ்வளவுதான்" என்று எழுதியிருந்தேன். அவ்வளவு இல்லை.

அடி பட்டதா என்று கேட்ட டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். "ஜவ்வு நல்லா இருக்குதும்மா. ஒரு அறைக்கு நரம்பு இப்படி முழுசா போவாது. அதுக்கு முன்னாடி பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். "அதான். சில பிள்ளைங்களுக்கு ஒரு காது இப்படிப் போயிடும். வெளிய தெரியாது. பல வீட்ல வருஷக்கணக்கா கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார். இதை அக்டோபர் இருபத்தேழாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கே என்னிடம் சொல்லிவிட்டார். உங்களுக்குக் கடிதம் எழுதியபோது எனக்குத் தெரியும். டிசம்பரில் எழுதியபோதும் தெரியும்.

பொன்னுக்கு வீங்கி வந்தது போன வருஷம் பொங்கல் முடிந்து. அப்போது நீங்கள் அங்கே மஸ்கட்டில். உங்களுக்கு நான் சொல்லவில்லை. இரண்டு கன்னமும் வீங்கிவிட்டது. அம்மன் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டேன், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பத்துப் போட்டேன். காய்ச்சலுக்குக் கடையிலிருந்து நானே சிரப் எடுத்து வந்து கொடுத்தேன். நாலாம் நாள், "காதுக்குள்ள வண்டு கத்துதும்மா" என்றாள். "சரியாயிடும், படு" என்றேன். மெடிக்கல் ஷாப்பில் ஆறு வருஷமாக நிற்கிறேன். எத்தனை பேரை டாக்டரிடம் போகச்சொல்லி அனுப்பியிருப்பேன். அன்றைக்கே கூட்டிவந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சொன்னார், அவ்வளவுதான்.

நீங்கள் அடித்ததால்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் வண்டு கத்தியதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருந்தேன். அதுதான் உண்மை. கோபத்தில் எழுதாமல் விட்டேன் என்று சொல்லலாம். கோபமும் இருந்தது. ஆனால் அது இரண்டாவதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் அவள் கூப்பிட்டால் வருவதில்லை. அடுப்படியிலிருந்து கத்துவேன். திமிர் பிடித்துவிட்டது என்று நானும் முதுகில் இரண்டு வைத்திருக்கிறேன். ஜூன் எட்டாம் தேதி நீங்கள் கூப்பிட்டது அவளுக்கு இடது பக்கத்திலிருந்து. மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு என்ன எழுதினாலும் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் சரி.

ஹேமா

*

ரூவி
20.2.2004

ஹேமா,

கிடங்கில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று காத்திருந்தேன். எதுவும் இறங்கவில்லை. லாரி வந்தது, நாற்பது பெட்டி இறக்கினோம். மறுபடியும் படித்தேன்.

நீ மூன்று மாதம் மறைத்ததற்குக் கோபப்படவேண்டும் என்று எனக்குள் தேடிப்பார்த்தேன். கிடைக்கவில்லை. வண்டு கத்தியதைப் பற்றி உன்னைத் திட்டவேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் "படு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் கையால் காது போகவில்லை என்கிறாய். சரி. காது கேட்காத பிள்ளையை, கேட்கவில்லை என்பதற்காக அடித்திருக்கிறேன். இது முன்னதைவிடச் சின்னதா பெரியதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக ஒரு குற்றத்தைச் சுமந்து பழகிவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கையில் கொடுத்தாற்போல் இருக்கிறது.

மேனேஜரிடம் போய் லீவு வேண்டும் என்றேன். மே இரண்டாம் தேதி டிக்கெட். நீ அவளிடம் எதற்காக அடித்தேன் என்று சொல்லாதே. நானே சொல்கிறேன். நீ எழுதியது சரிதான், ஏர்போர்ட்டில் உன்னிடம்தான் சொன்னேன்.

ராஜவேல்

*

ரூவி
8.6.2004

ஹேமா,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. என்னைத் திரும்பவும் டெமோ ரூமுக்கே வரச்சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.

நான்கு வாரம் உன்னோடு ஒரே வீட்டில் இருந்தும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டேன். வாயால் முடியவில்லை.

வந்த இரண்டாம் நாள் நான் பின்சுவர் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றப்போனது உனக்குத் தெரியாது. நீ கடைக்குப் போயிருந்தாய். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக்கி வலது பக்கம் ஒரே ஸ்பீக்கரில் விட்டுவிடலாம், அவளுக்கு அதுதான் நல்லது என்று ஸ்டூலில் ஏறி நின்றேன். சிந்து கீழே நின்று, "கழட்டாதப்பா. அம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்குதுல்ல" என்றாள். இறங்கிவிட்டேன்.

அவளிடம் பேசவேண்டும் பேசவேண்டும் என்று நாள் போய்க்கொண்டே இருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவளைப் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். நீ உங்கள் சித்தி வீட்டுக்குப் போயிருந்த சாயங்காலம். சாயங்காலம் என்பதால் ரோட்டில் வண்டிகளை விடவில்லை. கல்மேல் உட்கார்ந்தோம். அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

"சிந்து, போன வருஷம் அப்பா ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் உன்னை அடிச்சேன். ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இருக்குது" என்றாள்.

"மூணு தடவை கூப்பிட்டேன். கேட்டும் வராம இருக்கன்னு நெனச்சுட்டேன். உனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியாதும்மா. தப்பு பண்ணிட்டேன்."

அவள் சுண்டலைத் தின்றுகொண்டே கடலைப் பார்த்தாள். "கேட்டிருந்தா வந்திருப்பேனே" என்றாள்.

"வந்திருப்ப. தெரியும்."

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சுண்டல் தீர்ந்ததும் என் பக்கம் திரும்பினாள். "கேட்டும் வராம இருந்திருந்தா? அப்ப அடிச்சது சரியாப்பா?"

"வா, நேரமாச்சு, அம்மா வந்துடுவாங்க" என்று எழுந்துவிட்டேன் ஹேமா. அவள் பொட்டலத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். மறுபடியும் கேட்கவில்லை. ஏர்போர்ட் பஸ் ஏறும்போதும் கேட்கவில்லை.

ஏன் பதில் சொல்லவில்லை என்று இங்கே வந்து யோசித்தேன். உன் பிப்ரவரிக் கடிதம் வந்ததிலிருந்து நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அடித்திருக்கமாட்டேன் என்று. அது ஒன்றுதான் என்னை நிற்கவைத்திருந்தது. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னால் அதுவும் போய்விடும். அவளுக்குக் கேட்டிருந்தாலும் நான் அடித்திருப்பேன். நானும் வீட்டில் எல்லாரிடமும் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், அதில் ஒன்றுமில்லை என்று இருந்திருப்பேன். ஏர்போர்ட்டில் தப்பு என்றுகூடச் சொல்லியிருக்கமாட்டேனோ என்னவோ.

கீழே எழுதியிருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டு.

சிந்து, நீ பீச்சில் ஒரு கேள்வி கேட்டாய். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பதில் இதுதான். சரி இல்லை. உனக்குக் கேட்டிருந்து, நீ வேண்டுமென்றே வராமல் இருந்திருந்தாலும், அப்பா உன்னை அடித்தது சரி இல்லை. வரைந்துகொண்டிருந்தாய். வரைந்து முடித்துவிட்டு வந்திருக்கலாம். டேப்பை நானே போய் எடுத்திருக்கலாம், இரண்டு எட்டுத்தான். இனிமேல் அடிக்கமாட்டேன். கேட்டாலும், கேட்காவிட்டாலும்.

அப்பா

*

ரெட்டியார்பாளையம்
25.6.2004

உங்களுக்கு,

கடிதம் திங்கட்கிழமை வந்தது. முதலில் நான் படித்தேன். சிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கை கால் கழுவியதும் உட்காரவைத்து, நீங்கள் அவளுக்கு எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். டி.வி.யை அவளே போய் நிறுத்திவிட்டு வந்தாள்.

படித்து முடித்ததும், "இன்னொரு தடவை படிம்மா" என்றாள். படித்தேன். "நீயும்தானே அடிச்ச?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். "நீ லெட்டர் எழுதலையே" என்றாள். நான் பக்கத்திலேயே இருக்கிறேனே, எதற்கு லெட்டர் என்றேன். "அப்ப சொல்லு" என்றாள். சொன்னேன். நீங்கள் எழுதியதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. வண்டு கத்தியதையும் சொன்னேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லையாம்.

அப்புறம் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முழுக் கடிதத்தையும்தான். "இது எனக்கு வந்தது" என்றாள். மடித்து எங்கோ வைத்துவிட்டாள். புத்தகப் பையில் இல்லை, அலமாரியில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

அதனால் அடுத்த தடவை எனக்கு எழுதுவதைத் தனித் தாளில் எழுதுங்கள்.

ஹேமா